பழைய வண்டியில் கூலன்ட் குறைகிறது, ஹீட்டரும் சூடாகவில்லை: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பழைய கார் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலும் இந்த இரண்டு புகார்களும் சேர்ந்தே வரும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் அளவு ரிசர்வ் பாட்டிலில் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஊற்றினாலும் சில நாளில் திரும்பக் குறைகிறது. ஹீட்டரைப் போட்டால் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது, சில சமயம் அதுவும் இல்லை. இவற்றைத் தனித்தனிக் கோளாறு என்று நினைத்துத் தனித்தனியாகத் தேடுகிறார்கள், ஆனால் பல வண்டிகளில் இது ஒரே கோளாறின் இரண்டு முகம்தான். காருக்குள் வரும் சூட்டுக்கென்று தனி அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைச் சுற்றிச் சூடாகி வரும் அதே கூலன்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹீட்டர் கோர் என்ற சின்ன ரேடியேட்டருக்குள் ஓடுகிறது, அதன் மேல் ஃபேன் காற்றை அடிக்கிறது, அவ்வளவுதான். பல வண்டிகளில் இந்தக் கோர் சிஸ்டத்தின் உயரமான இடங்களில் ஒன்றில் இருக்கிறது, ஆகவே கூலன்ட் குறைந்து உள்ளே காற்று புகுந்தால் அந்தக் காற்று போய்த் தங்குவதும் அங்கேதான். டெம்பரேச்சர் கேஜ் இன்னும் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹீட்டர் ஆறிப்போய்விடும். அதை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஹீட்டரைப் பிரிப்பதற்கு முன், கூலன்ட் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். அதைக் கண்டுபிடிக்கும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். சூட்டுக்கேற்பக் கூலன்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பார், கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பை மாற்றிப் பார், கடைசியில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்று என்று ஊகத்திலேயே செலவு ஏறிக்கொண்டு போகும், முடிவில் பார்த்தால் பிடி தளர்ந்த ஒரு கிளாம்ப்போ ரப்பர் இறுகிப்போன ரேடியேட்டர் மூடியோதான் காரணமாக இருக்கும்.

கை வைப்பதற்கு முன்

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், மூடி பிடித்து வைத்திருக்கும் 1 பார் அளவு அழுத்தத்தில் 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அந்த அழுத்தம் போய்விடும், அதுவரை அடங்கியிருந்த திரவம் நீராவியாகச் சீறிக்கொண்டு முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்து அமுக்கும்போது அது மெத்தென்று உள்வாங்கினால், கை வைக்கும்படி ஆறியும் இருந்தால், அப்புறம் திறங்கள். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும், விரல் ஜாக்கிரதை. இன்னொன்று, எத்திலீன் கிளைகால் கலந்த கூலன்ட் லேசாக இனிக்கும், நாயும் பூனையும் குழந்தைகளும் அதை நக்கிவிட வாய்ப்பு உண்டு, கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுத்துவிடக்கூடிய விஷம் அது. வடித்ததை மூடியுள்ள கேனில் பிடித்து வையுங்கள், தரையில் சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

முதல் வேலை: உண்மையான அளவைப் பார்ப்பது

காலையில், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், வண்டி சமதரையில் நிற்கும்போது பாருங்கள். உங்கள் வண்டியில் எந்த வகை பாட்டில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ரேடியேட்டர் மேலேயே அழுத்த மூடி இருந்து, பக்கத்தில் மெல்லிய குழாய் போய்ச் சேரும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று சாதாரண மூடியோடு இருந்தால் அது வெறும் ரிசர்வ் பாட்டில். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் பாட்டிலின் மேலேயே திருகும் அழுத்த மூடி இருந்தால் அது எக்ஸ்பான்ஷன் டேங்க், சிஸ்டத்தின் முழு அழுத்தமும் அதற்குள்ளும் இருக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் அதிகம். ரிசர்வ் பாட்டில் வகையில் பாட்டில் நிரம்பியிருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். எஞ்சின் சூடாகும்போது விரியும் கூலன்ட் மூடி வழியாகப் பாட்டிலுக்குப் போகிறது, ஆறும்போது உண்டாகும் வெற்றிடம் அதைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு ஒட்டிக்கொண்டாலோ அந்த மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலோ போனது திரும்பி வராது. குழாயில் வெடிப்பு என்றால் கூலன்டுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் பாட்டிலைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள், உள்ளே காற்று சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், கூலன்ட் வாய்வரை நிற்க வேண்டும்.

அளவைச் சரி செய்துவிட்டுப் பாட்டிலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு தேதியையும் எழுதிவிடுங்கள். தினமும் காலையில் அதே நேரம், அதே இடத்தில் பார்க்க வேண்டும். எவ்வளவு ஓடியதற்கு எவ்வளவு இறங்கியது என்ற கணக்கு கைவசம் இருந்தால் மெக்கானிக்கிடம் போனாலும் பேச்சு சுருக்கமாக முடியும்.

வெளியே கசிகிறதா?

இரவு வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, என்ன நிறம், விரலில் தொட்டால் வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏசி போட்டு ஓட்டிய பிறகு சொட்டுவது நிறமும் மணமும் இல்லாத வெறும் தண்ணீர், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அட்டை காய்ந்தே இருக்கிறது என்பதால் வெளிக்கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அழுத்தம் ஏறிய பிறகு மட்டும் கசிகிற ஓட்டைகள் உண்டு, அங்கிருந்து வரும் கூலன்ட் சூடான எஞ்சின் மேலோ எக்ஸாஸ்ட் மேலோ பட்டு ஆவியாகிவிடும், தரைக்கு ஒரு சொட்டுக்கூட வந்து சேராது. நேர் எதிராக, ஆறிய பிறகு மட்டும் கசிகிற இடங்களும் உண்டு. திருகிப் பூட்டும் வகைக் கிளாம்ப்கள் உள்ள பழைய ஹோஸ் முனைகளில் இது அடிக்கடி நடக்கும், குளிரில் எல்லாம் சுருங்கும்போது இடைவெளி விழுந்து சொட்டும், சூடானதும் தானே நின்றுவிடும்.

ஆகவே ஈரத்தைத் தேடுவதைவிட, காய்ந்த தடத்தைத் தேடுங்கள். ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் போதும். கசிந்து காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ, பச்சையாகவோ, துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்திலோ பொருக்குத் தட்டியிருக்கும். ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட் மூடியின் ஓரம் எல்லாவற்றையும் பாருங்கள். வாட்டர் பம்பில் ஒரு இடத்தைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். புல்லியின் தண்டுக்குக் கீழே, பம்பின் உடம்பில் ஒரு பென்சில் முனை நுழையும் அளவுக்குச் சின்னத் துளை ஒன்று இருக்கும். அது வேண்டுமென்றே விட்ட துளை, உள்ளே உள்ள சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்பதற்காக. அந்தத் துளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடுபோலப் பொருக்கு இறங்கியிருந்தால் பம்பின் காலம் முடிந்தது என்று அர்த்தம். பெல்ட்டைத் தளர்த்திவிட்டுப் புல்லியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்ட வட்டமாக அடித்து வைத்த தகட்டு மூடிகள் இருக்கும், வெல்ஷ் பிளக் என்பார்கள். வருஷக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இவை உள்ளிருந்தே அரித்துப்போய்க் கசியும். எஞ்சினுக்குப் பின்புறம் உள்ளதைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கவே முடியாது.

கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அழுத்தச் சோதனை. கைப்பம்பும் கேஜும் கொண்ட கருவி இது, சில உதிரிபாகக் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியின் இடத்தில் இதைப் பொருத்தி, மூடியில் பொறித்துள்ள அளவுவரை மட்டும் பம்ப் செய்யுங்கள். பல வண்டிகளில் அது 0.9 முதல் 1.1 பார் வரை, அதாவது 13 முதல் 16 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றினால் நன்றாக இருந்த பழைய ரேடியேட்டரையும் நீங்களே உடைத்துவிடுவீர்கள். ஒரு கால்மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் எங்கேயோ வெளியேறுகிறது, எஞ்சின் ஓடாமல் அமைதியாக இருப்பதால் சீறும் சத்தமோ சொட்டும் சத்தமோ காதுக்கே கேட்கும். பழைய வண்டிக்காரர் யாராக இருந்தாலும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. அதே கருவியில் அடாப்டர் வைத்து மூடியையும் சோதித்துவிடுங்கள். மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதித்துப் பாட்டில் வழியாக வெளியேறும், வண்டியில் வேறெங்கும் கசிவே இருக்காது. எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக் கிடந்தால், மூடியின் வெற்றிட வால்வு வேலை செய்யவில்லை அல்லது பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாய் அடைத்திருக்கிறது.

காருக்குள்ளே

வெளியே எல்லாம் காய்ந்திருக்கிறது, அழுத்தம் மட்டும் இறங்குகிறது என்றால் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விடுங்கள். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில், நடுப்பகுதியை ஒட்டி, மேல் கார்ப்பெட்டைத் தொட்டால் போதாது, அதைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சைப் பிழிந்து பாருங்கள். ஹீட்டர் கோர் கசிந்தால் அங்கேதான் ஊறும். பிசுபிசுப்பும் இனிப்பான வாடையும் இருந்தால் கூலன்ட், இரண்டும் இல்லாவிட்டால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம் அல்லது மழைநீர் இறங்கியிருக்கலாம். முன்கண்ணாடியின் உட்புறம் எவ்வளவு துடைத்தாலும் எண்ணெய்ப் படலம்போல மங்கலாகவே இருக்கிறது, ஹீட்டர் போட்டதும் கண்ணாடி மூடிக்கொள்கிறது என்றாலும் கோர்தான் காரணம். அந்த ஆவியை மூச்சில் இழுத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். கோர் மாற்றும்வரை, எஞ்சின் அறையில் அதற்குப் போகும் ஹோஸையும் அதிலிருந்து வரும் ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துக் கோரைத் தாண்டிப் போகும்படி செய்துவிடலாம். ஹீட்டர் இருக்காது, வண்டி ஓடும்.

உள்ளே எரிகிறதா?

வெளியேயும் இல்லை, காருக்குள்ளும் இல்லை என்ற பிறகுதான் எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் சீலாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பற்றி யோசிக்க வேண்டும், எல்லாரும் முதலில் யோசிப்பது அதைத்தான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் அடர்த்தியான வெண்புகை நிற்காமல் வருவது, அதில் இனிப்பு வாடை, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகுவது, திறந்த ரேடியேட்டரில் குமிழிகள் ஓயாமல் வருவது, ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோலச் சுத்தமாக இருப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போலப் படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், குளிர்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் வெறும் ஈரப்பதத்தாலும் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் அது வேறு கதை, அந்த வண்டியை அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

உறுதிப்படுத்த ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, உள்ளிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு, அதாவது கரியமில வாயு, கலந்திருந்தால் நீலம் பெட்ரோல் எஞ்சினில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறும். கூலன்ட் அந்தக் குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும், ஆகவே முதலில் அளவைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். டீசல் வண்டியில், எஞ்சினுக்குத் திரும்பப் போகும் எக்ஸாஸ்ட் வாயுவைக் கூலன்டால் ஆறவைக்கும் இஜிஆர் கூலர் இருந்தால் அதையும் மறக்காதீர்கள், அது உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் எக்ஸாஸ்ட் வழியாகத் தடமே இல்லாமல் போய்விடும், பழி ஹெட் கேஸ்கட் மேல் விழும்.

இப்போது ஹீட்டர்

கூலன்ட் நிரம்ப இருக்கிறது, குறையவும் இல்லை, ஆனாலும் ஹீட்டர் சூடாகவில்லை என்றால் கருவி எதுவும் வேண்டாம், கையே போதும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் அறையின் பின்சுவருக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டத்தில் தொடுங்கள், நொடிப்பொழுது பட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

இரண்டும் நல்ல சூடு, காற்று மட்டும் குளிர்ச்சி என்றால் கூலன்ட் பக்கம் கோளாறே இல்லை. காற்றைக் கோர் பக்கம் திருப்பிவிடும் கதவு நகரவில்லை. பழைய வண்டிகளில் அதை இழுக்கும் கேபிள் கிளிப்பிலிருந்து கழன்றிருக்கும், கொஞ்சம் புதியவற்றில் சின்ன மோட்டார் பழுதாகி டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று சத்தம் வரும். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரில் தூசியும் சருகும் அடைத்திருக்கும்.

ஒன்று சூடு, இன்னொன்று ஆறிப்போயிருக்கிறது என்றால் கோரின் வழியாக ஓட்டம் இல்லை. ஹோஸ் வழியில் ஹீட்டர் வால்வு இருந்தால் முதலில் அது திறக்கிறதா என்று பாருங்கள், திறந்தால் அடைப்பு கோருக்குள்தான். இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலன்ட் வெளியேறும் பக்கத்திலிருந்து தண்ணீரை விட்டு எதிர்த்திசையில் கழுவலாம், துருவும் சேறுமாக வந்து பிறகு தெளியும்வரை. குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்து விடுங்கள், முழு வேகத்தில் விட்டால் பழைய கோரின் பற்றவைப்பு விட்டுப்போகும். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் முறுக்கி இழுக்காதீர்கள், கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். ஹோஸ் மலிவு, உள்ளே இருக்கும் கோரின் குழாய் மெல்லியது, அது நசுங்கினால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும்.

இரண்டுமே வெதுவெதுப்புதான் என்றால் கேஜைப் பாருங்கள். நெரிசலில் நிற்கும்போது கேஜ் ஏறுகிறது, வேகமாக ஓடும்போது இறங்கிவிடுகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது. கழற்றி, தெர்மாமீட்டரோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82, 88 என்று அதன் மேல் பொறித்த எண்ணுக்கு அருகில் திறக்கத் தொடங்கி, ஆறும்போது முழுதாக மூட வேண்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும், ஹீட்டரும் கிடையாது.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடு வருகிறது, விட்டால் போய்விடுகிறது, டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தமும் கேட்கிறது என்றால் உள்ளே காற்று. காற்றை முழுதாக எடுத்த பிறகும் அப்படியே இருந்தால் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம்.

காற்றை எடுப்பது

வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ஃபேனைக் குறைந்த வேகத்திலும் வையுங்கள். மூடியைத் திறந்தபடி, வாயில் இறுக்கமாகப் பொருந்தும் புனல் ஒன்றை வைத்து, ஆறிய எஞ்சினில் மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று தொடர்ந்து கூலன்ட் வரும்போது மூடுங்கள். அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் தருணத்தில் அளவு சட்டென்று இறங்கும், எல்லா வண்டியிலும் அதற்குள் ஃபேன் வந்துவிடும் என்று எதிர்பார்க்காமல் காத்திருங்கள், கேஜிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். ஹோஸைச் சில முறை பிசைந்துவிட்டால் சிக்கிய குமிழிகள் வெளியே வரும். குமிழி நின்று உள்ளே சூடான காற்று வந்ததும் எஞ்சினை அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி அளவு பார்த்து நிரப்பி, மூடியைப் போடுங்கள். ஒரே தடவையில் சரியாகாத வண்டிகள் உண்டு, மறுநாளும் பாருங்கள்.

எந்தக் கூலன்ட் என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை, ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி சாயம் சேர்க்கிறது. வண்டியின் கையேட்டில் சொன்ன வகையை வாங்கி, கனிமம் நீக்கிய தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. உள்ளே என்ன வகை இருக்கிறது என்று தெரியாவிட்டால் மேலே ஊற்றிக் கலக்காமல் எல்லாவற்றையும் வடித்துக் கழுவிவிட்டு நிரப்புவது நல்லது, ஒத்துப்போகாத வகைகள் சேர்ந்தால் கூழாகத் திரளும்.

ரேடியேட்டரில் ஊற்றினால் ஓட்டையை அடைத்துவிடும் என்று விற்கும் பொடியையும் திரவத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு ஓட்டை எது, குறுகலான குழாய் எது என்று தெரியாது. சிஸ்டத்திலேயே குறுகலான குழாய்கள் ஹீட்டர் கோரில்தான் இருக்கின்றன, கசிவு நிற்கிறதோ இல்லையோ கோர் அடைந்துவிடும். நடுவழியில் வேறு வழியே இல்லாமல் ஊற்றியிருந்தால், வீடு வந்ததும் வடித்துக் கழுவிவிடுங்கள்.

தேடல் முடியும்வரை வண்டியை ஓட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு கேன் கலந்த கூலன்ட் கூடவே இருக்கட்டும். கேஜ் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு ஃபேனிலும் போடுங்கள், கொஞ்சம் வெப்பத்தை அது இழுத்துக்கொள்ளும், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தாலோ, ஏறிக்கொண்டிருந்த கேஜ் திடீரென்று கீழே விழுந்தாலோ நிம்மதிப்படாதீர்கள், சென்சாரைத் தொடுவதற்குக்கூட கூலன்ட் இல்லை என்று பொருள், எஞ்சினை அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள். முழுக்க ஆறுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும், அதனால் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, மேல் ஹோஸ் மெத்தென்று ஆகும்வரை காத்திருங்கள்.